முதல் மேடைக்கு முன்னால்

மான்டிவிடியோ
12 நவம்பர் 1994

அன்புள்ள மில்டன் அண்ணா,

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் தெருவுக்கே ஒரு போன், அதுவும் கறிக்கடையில். நான் சொன்னால் உனக்கு முன்னால் கறி வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிடுவார்கள். இந்தச் சந்தோஷத்தை முதலில் நீதான் கேட்க வேண்டும். அதனால் எழுதி, காலை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆராய்ச்சி நாள். வரலாறும் தத்துவமும் படிக்கிற இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு, முதலில் நாலு புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கட்டும் என்று சொல்கிற கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. அதற்குத் தலைவர் பேராசிரியர் ஒலாஸாபால். எங்கள் திட்டத்தை நடத்துகிற எலிதா மேடத்துக்கு இருப்பதெல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, இரண்டு டேப் ரெக்கார்டர், எங்களை ஊருக்கு அனுப்பக் கொஞ்சம் பஸ் காசு. அப்புறம் வாரம் ஒரு தடவை ஒருவர் எழுதியதை மற்றவர்கள் உட்கார்ந்து கிழிகிழி என்று கிழிப்போம். இந்தக் கொஞ்சத்தையும் ஒலாஸாபால் பிடுங்கிவிடுவாரோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

என் முறை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தது. 'சிற்றூர்க் கார்னிவல் கோஷ்டியில் ஒரு கேலிப்பாட்டு எப்படிப் பிறக்கிறது' என்று ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் ஒலாஸாபால் தூங்கிவிட்டார். முன்வரிசையில், வாயைத் திறந்துகொண்டு. பின்னால் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு, நீ எழுதின சிக்னல் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரே ஒரு சிக்னல் கம்பம், மூணு தடவை திறப்பு விழா, பச்சை வந்தா கைதட்டணும், சிவப்பு வந்தா தொப்பியக் கழட்டணும்" என்று மேஜையைத் தட்டிக்கொண்டு முழுசாகப் பாடினேன். அண்ணா, கூரை அதிர்ந்தது. ஒலாஸாபால் விழித்துக்கொண்டு, "இன்னொரு தரம் பாடும்மா, முதல்ல கவனிக்கல" என்றார். இன்னொரு தரமும் பாடினேன். திட்டம் இந்த வருடம் பிழைத்தது, என் ஆராய்ச்சியும் பிழைத்தது.

டிசம்பரில் ரெக்கார்டரோடு வருகிறேன். ஒத்திகையில் எனக்குப் பழைய மூலை நாற்காலி போதும். மார்ச்சில் அறிக்கையை நம் ஊரிலேயே வாசிக்க வேண்டும். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் முன்னால் வாசித்தால்தான் ஆராய்ச்சி முடிந்ததாகக் கணக்கு. இது எலிதா மேடம் வைத்திருக்கிற சட்டம்.

கோஷ்டியில் எல்லாருக்கும் சொல்லு. அவர்கள் பாட்டுக்குத் தலைநகரமே எழுந்து நின்றது.

ஸுல்மா


பாஸோ ஒந்தோ
19 நவம்பர் 1994

ஸுல்மா,

கடிதம் கிடைத்தது. எல்லாருக்கும் சொல்லச் சொன்னாய். அந்தச் சிரமம் எனக்கு வைக்கவில்லை, உன் கடிதத்துக்கு முன்னாலேயே ஊரே பாடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் கடையில் லாரி டயருக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தேன். நம் எதிர்க் கோஷ்டியான 'ஆறின சூப்பு' தலைவன் கார்மெலோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, மெதுவாகச் சீட்டி அடித்தான். நம் சிக்னல் பாட்டு. அச்சு அசல். முழுசாக அடித்து முடித்துவிட்டு, "நல்லாருக்கு மில்டன். ரெண்டாவது அடி மட்டும் கொஞ்சம் இழுக்குதுப்பா, சரி பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். என் கையில் இருந்த கடப்பாரையை எப்படிக் கீழே வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

அவன் அக்கா மகன் உன் பல்கலைக்கழகத்தில்தான் சட்டம் படிக்கிறானாம். அவனுக்கு ஆராய்ச்சி மேலெல்லாம் ஆசை இல்லை. அன்றைக்கு அங்கே எம்பனாடா இனாமாகக் கொடுத்தார்களாம், அதைத் தின்ன வந்திருக்கிறான்.

நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ இந்த ஊர்க்காரி. முதல் மேடை ஏறும்வரை ஒரு வரி வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வெயிலிலும் உருட்டுப்பந்து கிளப் ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டிப் பாடுகிறோம். கட்டின பெண்டாட்டிக்குக்கூடச் சொல்வதில்லை. வால்டெமார் தூக்கத்தில் பாடுகிறவன் என்று கார்னிவல் முடியும்வரை தனி அறையில் படுக்கிறான். நீ என்னடா என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதுவும் இரண்டு தரம் பாடியிருக்கிறாய்.

ஊருக்கே தெரிந்த கேலி கேலி இல்லை. பாட்டு செத்துப்போச்சு. மேடைக்கு இன்னும் பத்தே வாரம்தான். நடு நிகழ்ச்சி முழுக்க அந்தப் பாட்டை நம்பித்தான் இருந்தது.

நேற்றுக் கூட்டம் போட்டோம். "யார் சொல்லி அவள உள்ள விட்டோம்?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். "இனிமே கதவுக்கு வெளியதான்" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

உன் மேடம் கைதட்டினார்களா? சந்தோஷம்.

மில்டன்


மான்டிவிடியோ
25 நவம்பர் 1994

அண்ணா,

உன் கடிதத்தைப் பஸ் நிலையத்திலேயே பிரித்துப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். மான்டிவிடியோ எங்கே, பாஸோ ஒந்தோ எங்கே என்று நினைத்துவிட்டேன். இங்கே யாருக்கும் நம் ஊர் மேயரையும் தெரியாது, சிக்னலையும் தெரியாது. பாட்டு ஊரைவிட்டு வெளியே வந்துவிட்டால் வெறும் உதாரணம்தான் என்று என் மண்டைக்குள் இருந்திருக்கிறது. இப்படி நினைத்ததுதான் தப்பு. எம்பனாடா வாசனைக்கு ஊர்க்காரன் ஒருத்தன் வருவான் என்று தெரியாமல்போனது அப்புறம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கதவுக்கு வெளியே நிற்கவைக்க முடிவு செய்தபோது நீ வாயைத் திறக்கவே இல்லையா? தப்புச் செய்தவள் நான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதினேழு பேரில் ஒருத்தனாவது என் அண்ணன் என்று நினைத்தேன்.

எலிதா மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் தட்டிச் 'சரி விடு' என்பார் என்று எதிர்பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கொண்டே, "அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நம்ம ஆராய்ச்சி அவங்க வீட்டுக்குள்ள நடக்குது. கதவு அவங்களோடது" என்றார். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, நூலகத்தில் பழைய நாளிதழ்களை வைத்துக் கார்னிவலைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம். இன்னொன்று, நேரில் போய்க் கேட்கலாம். "நான் வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் பத்தாம் தேதி வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்களிடம் இதை மட்டும் சொல்லு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அது உனக்கு வராது என்று தெரிந்துவிட்டது.

ஸுல்மா


பாஸோ ஒந்தோ
3 டிசம்பர் 1994

ஸுல்மா,

வராதே. நீ வரும்போது அவர்கள் கோபம் ஆறியிருக்காது, நீயும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசுவாய், கதை கந்தலாகிவிடும். உன் வாயை நான் அறியாதவனா?

அந்த அண்ணன் பேச்சு எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டு எழுதுகிறவன் தங்கச்சிக்காகச் சண்டை போட்டான் என்று என்னையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் யார் எழுதுவது? இப்போதும் நான்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு வாரமாகத் தாளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரொட்டி விலையைப் பற்றி ஓர் அடி எழுதினேன். வால்டெமார் படித்துவிட்டு, "இதுக்கு ரொட்டி வெலையே பரவாயில்ல" என்றான்.

அம்மா உன் கட்சி. என்னோடு பேசுவதில்லை. எனக்கு வைக்கிற மிலனேஸா மட்டும் ஆறிப்போய் வருகிறது. "சூடா வேணும்னா தங்கச்சிக்கு நல்லபடியா ரெண்டு வரி எழுதுடா" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

எனக்கு ஒன்று புரிவதே இல்லை. பாடுகிறவன் பாடுகிறான், கேட்கிறவன் கேட்கிறான். நடுவில் ஒருத்தி உட்கார்ந்து அதை எழுதி என்ன ஆகப்போகிறது? பாட வராதவர்கள் செய்கிற வேலை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே, தெரியாமல்தான் கேட்கிறேன். அங்கே மற்ற பிள்ளைகள் எல்லாம் எதைப் பற்றி ஆராய்கிறார்கள்? அந்தத் தூங்கின கிழவர் எப்படிப்பட்ட ஆள்? உன் மேடம் எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார்?

சும்மா கேட்கிறேன்.

மில்டன்


மான்டிவிடியோ
14 டிசம்பர் 1994

அண்ணா,

நல்லபடியாக இரண்டு வரி எழுதினால்தான் மிலனேஸா சூடாகும் என்று அம்மா சொன்னதால் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, பதில் போடுகிறேன்.

நூலகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கார்னிவல் கோஷ்டிகளைப் பற்றி நாளிதழில் என்ன இருக்கிறது தெரியுமா? 'நேற்று நடைபெற்ற நிகழ்ச்சியைத் திரளானோர் கண்டு களித்தனர்.' வருடா வருடம் இதே வரிதான். யார் களித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்த வரிக்கு எந்தப் பெரிய மனிதர் நாற்காலியில் நெளிந்தார், ஒன்றும் இல்லை. நடுவில் ஒருத்தி உட்கார்ந்து எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாயே, இதுதான் பதில். எழுதாவிட்டால் நீங்கள் எல்லாரும் 'திரளானோர் களித்தனர்' ஆகிவிடுவீர்கள்.

மற்ற பிள்ளைகளைக் கேட்டாய். அனிபால் தத்துவம் படிக்கிறான். வரிசையில் நிற்கும்போது மனிதன் என்ன யோசிக்கிறான் என்பது அவன் ஆராய்ச்சி. வங்கியில் போய் வரிசையில் நிற்பான், கவுன்டர் வந்ததும் மறுபடி கடைசிக்குப் போய் நிற்பான். காவலாளி இரண்டு தரம் போலீஸைக் கூப்பிட்டுவிட்டான். தெல்மா கல்லறை வாசகங்களில் இருக்கிற பொய்களைத் தொகுக்கிறாள். 'அன்பே உருவான கணவர்' என்று எழுதியிருந்த ஒரு கல்லைப் பற்றி விசாரிக்க அந்த விதவையிடம் போயிருக்கிறாள். அந்த அம்மாள் மூன்று மணி நேரம் சிரித்தாராம்.

எலிதா மேடம் குட்டையாக இருப்பார், வேகமாக நடப்பார், படிக்கட்டில் எப்போதும் தடுக்கிக்கொள்வார். நாங்கள் எழுதியதை எண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டேதான் திருத்துவார். எந்தப் பக்கம் அவருக்குப் பிடித்தது என்று எண்ணெய்க் கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடிக்குறிப்பு சரியாக இருந்தால் கண் கலங்கிவிடும். ஒலாஸாபால் கெட்டவர் இல்லை. அவர் படித்த காலத்தில் யாரும் அவரை எதையும் கேட்கவிடவில்லை போலிருக்கிறது, இப்போது அவரும் யாரையும் விடமாட்டேன் என்கிறார். கூட்டம் என்றால் தூங்குவார். தூக்கத்திலேயே கையைத் தூக்கி எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று தெல்மா சொல்கிறாள்.

போதுமா?

கார்னிவலுக்கு நான் வரவில்லை. வெளியே நின்று பார்க்க என்னால் முடியாது. கோஷ்டியில் பெண்களைச் சேர்ப்பதில்லை, சரி. பாடத்தான் விடமாட்டீர்கள், உட்கார்ந்து கேட்கவாவது விட்டீர்களே என்றுதான் அந்த மூலை நாற்காலி எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அதை நானே உடைத்துக்கொண்டேன். எனக்கு அழுகையாக வருகிறது, அண்ணா. நாளிதழ்க் கட்டுரையை முடித்துவிடுவேன். நன்றாக இருக்காது.

அம்மாவுக்கு முத்தம்.

ஸுல்மா


பாஸோ ஒந்தோ
9 ஜனவரி 1995

ஸுல்மா,

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை முதல் மேடை. ஆற்றங்கரைச் சதுக்கத்தில். நீ வருகிறாய்.

கோஷ்டி உன்னை மன்னித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. "அவள வரச் சொல்லு, முன்வரிசையில உக்காரட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். ரெக்கார்டரையும் எடுத்து வரலாமாம். உன் மேடத்தையும் கூட்டி வா. முடிந்தால் அந்தத் தூங்குமூஞ்சியையும்.

வேறு எதுவும் கேட்காதே. முதல் மேடைக்கு முன்னால் ஒரு வரி வெளியே போகாது.

அம்மா உனக்காகக் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறாள். எனக்குச் சூடாகத்தான் வருகிறது இப்போது.

மில்டன்


மான்டிவிடியோ
1 பிப்ரவரி 1995

துரோகி அண்ணனுக்கு,

நீ மேடை மேல் இருந்தாய். கீழே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். திட்டுவதற்கும் சேர்த்துத்தான்.

நான் நடுவில், எலிதா மேடம் எனக்கு வலது பக்கம், ஒலாஸாபால் இடது பக்கம். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றைக்கு சிக்னல் பாட்டில் ஓர் அடி காதில் விழவில்லையாம், அது மூன்று மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறதாம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்திருந்தார். வந்த கையோடு, "எது அந்த சிக்னல்?" என்று கேட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிவப்பு விழுந்ததும் தொப்பியைக் கழட்டினாராம்.

அறிமுகப் பாட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் பெரிய மேளம் நின்றது. வால்டெமார் என் நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, மூக்கில் கண்ணாடியும் கையில் அம்மாவின் குழிக்கரண்டியுமாக மேடைக்கு வந்தான். அந்தப் பாவாடையை அவனுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று அம்மாவை நான் தனியாக விசாரித்துக்கொள்கிறேன். அவன் கரண்டியை மேளக்காரன் வாய்க்கு நேராக நீட்டி, "ஐயா, நீங்க இப்ப ஒரு ஏப்பம் விட்டீங்களே, அது எந்தக் காலத்து மரபு?" என்று கேட்டான். சதுக்கமே குலுங்கியது. பதினேழு பேரும் கோரஸாக எடுத்தார்கள்:

"பாடினாலும் எழுதுறா, பாடாட்டியும் எழுதுறா, தும்மினா தேதி போட்டு மூணு பிரதி எடுக்குறா."

அதோடு விட்டாயா? வரிசையில் கடைசிக்கு ஓடுகிற அனிபால் வந்தான். விதவையோடு சிரிக்கிற தெல்மா வந்தாள். எண்ணெய்ப் பலகாரத்தால் ஆராய்ச்சிக்கு முத்திரை குத்துகிற மேடம் படியில் தடுக்கி விழுந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு மேள அடிக்கும் திடுக்கிட்டு விழித்து 'நான் எதிர்க்கிறேன்' என்று கையைத் தூக்குகிற பேராசிரியரும் வந்தார். எல்லாம் நான் எழுதினது. 'சும்மா கேட்கிறேன்' என்று சொல்லி என்னிடமே கறந்திருக்கிறாய். நான் ஒரு பாட்டை வெளியே விட்டதற்கு நீ எங்கள் திட்டத்தையே மேடை ஏற்றிவிட்டாய்.

எனக்கு முகம் கொதித்தது. நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாததா? மேடையில் கேலி பண்ணப்பட்டவர் எழுந்து நின்று தலை குனிந்து வணங்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது, அதற்கப்புறம் யாரும் யார்மேலும் மனத்தாங்கல் வைக்கக் கூடாது. என் அறிக்கையில் இதற்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் எனக்கே நடந்தபோது எழுந்திருக்கவே மறந்துவிட்டேன். மேடம்தான் முதுகில் கிள்ளி, "எழுந்திரு பொண்ணே, உன்னத்தான் கூப்பிடுறாங்க" என்றார். அவருக்குக் கண்ணில் தாரை தாரையாக வந்துகொண்டிருந்தது, எல்லாம் சிரிப்பு. நான் எழுந்தேன். குனிந்தேன். அந்தக் கைதட்டலில் என் நெஞ்சுக்குள் இரண்டு மாதமாக இருந்த கல் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் குனிந்து நிமிர்வதற்குள் பக்கத்தில் ஒலாஸாபாலும் எழுந்து குனிந்துகொண்டிருந்தார். உட்கார்ந்ததும் என் காதில், "நான் உண்மையிலேயே வாயைத் தெறந்துகிட்டா தூங்குறேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடைசியில் விடைபெறும் பாட்டுக்கு நீங்கள் எல்லாரும் மேடையைவிட்டு இறங்கி ஜனங்களுக்கு நடுவே பாடிக்கொண்டு வந்தீர்கள். உன் முகத்துச் சாயமெல்லாம் வியர்வையில் வழிந்து, எது கண் எது வாய் என்றே தெரியவில்லை. என் முன்னால் வந்து நின்று பாடினாய். என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே பார்த்துப் பாடினாய். பார்த்திருந்தால் உனக்குப் பாட்டு நின்றுபோயிருக்கும். எனக்குத் தெரியும்.

அனிபாலுக்கும் தெல்மாவுக்கும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தெல்மா சந்தோஷப்பட்டாள். அனிபாலுக்குத்தான் வருத்தம், தனக்கு ஏன் ஒரே அடி என்று.

நாளிதழ்க் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கிளப்பில் மற்ற ஒத்திகை இரவுகளுக்கும் எனக்கு இடம் உண்டு என்று வால்டெமார் சொன்னான். பாவாடையைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான். இடுப்புத் தையல் பிரிந்திருக்கிறது.

உன் ஆராய்ச்சிக்காரத் தங்கச்சி


பாஸோ ஒந்தோ
21 மார்ச் 1995

தங்கச்சி,

நீ பஸ் ஏறின பிறகு கிளப்பில் நடந்ததை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இனிமேல் உனக்கு எதை எழுதினாலும் பார்த்துத்தான் எழுத வேண்டும், நீ எனக்கு எழுதுவது போலவே.

நீ அறிக்கை வாசித்தபோது கூட்டம் அமைதியாக இருந்ததே, அது மரியாதை இல்லை. பயம். யார் பெயர் எந்தப் பக்கத்தில் வருமோ என்று. நீ போன பிறகுதான் வாய் திறந்தது. இரண்டாவது வரிசைக் குரல் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரிக்கு மேல் சுருதி இறங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பெரிய சண்டை. வால்டெமார் டேபிளைத் தட்டி, "இறங்குறது உண்மைதான்டா, அத ஏன்டா இவ சொல்றவரைக்கும் நாம சொல்லிக்கல?" என்று கேட்டான். அடுத்த வருடத்துக்குக் குரல் பயிற்சி வைப்பது என்று முடிவாகியிருக்கிறது.

பின்வரிசையில் தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான் பார்த்தாயா? கார்மெலோ. கடைசிவரைக்கும் இருந்தான். போகும்போது என்னிடம், "உன் தங்கச்சிக்குக் காது நல்லா இருக்கு" என்றான். இந்தத் தடவை சீட்டி அடிக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நேற்றுக் கூட்டம். நான் வாயைத் திறந்தேன். அடுத்த கார்னிவலுக்கு ஸுல்மா கோஷ்டியில் பாடட்டும் என்றேன். பெண் குரல் இருந்ததே இல்லை என்று நாலு பேர் ஆரம்பித்தார்கள். "தலைநகரத்தையே எழுந்து நிற்க வெச்ச குரல், நம்மகிட்ட பதினேழு இருந்தும் ஒண்ணும் அப்படிப் பண்ணல" என்றேன். ஓட்டு எடுத்தோம். மூன்று பேர் எதிர்த்தார்கள், மற்றவர்கள் எல்லாரும் சரி என்றார்கள்.

பாட வராதவர்கள் செய்கிற வேலை என்று நான் எழுதியது தப்பு. நீ வாசித்ததைக் கேட்டபோது, நான் எழுதின பாட்டை நானே முதல் தடவை கேட்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

செப்டம்பரில் ஒத்திகை. வந்துவிடு.

மில்டன்


மான்டிவிடியோ
2 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அறையில் தனியாக எழுந்து நின்று சத்தமாகப் பாடிப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதையும் தாளம் என்றே நினைத்துக்கொண்டேன். நீ வாயைத் திறந்தாய் என்று படித்த இடத்தில்தான் அழுதேன்.

ஆனால் இந்த வருடம் பாட வரமாட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. திட்டத்தைத் தொடரலாமா என்று போன வாரம் ஓட்டெடுத்தார்கள். ஒலாஸாபால் விழித்திருந்தார். விழித்துக்கொண்டே ஆதரித்துக் கையைத் தூக்கினார். 'முதலில் படிக்கட்டும் என்று நான் சொன்னது நிஜம்தான், ஆனால் இந்தப் பிள்ளைகள் படிக்கிறதை நாம்தான் படிப்பு என்று எண்ணவில்லை' என்று பேசினாராம். எலிதா மேடத்துக்கு மாடிப்படிக்கு மேலே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஏறுவதற்குப் படி அதிகம் என்று இப்போதே கவலைப்படுகிறார்.

எனக்கு இன்னொரு வருடம் பஸ் காசு உதவி கிடைத்திருக்கிறது. ஒரு கோஷ்டியை வைத்துச் சொன்னால் அது உன் குடும்பக் கதை, இரண்டை வைத்துச் சொன்னால்தான் ஊர்க் கதை என்று எங்கள் வாரக் கூட்டத்தில் அனிபால் கிழித்தான். அவன் சொன்னது சரி. அதனால் கார்மெலோவுக்கு எழுதிக் கேட்டேன். என் தப்பையும் சேர்த்தே எழுதினேன், அவன் பாட்டும் என்னால் இப்படி ஒருநாள் வெளியே போய்விடக்கூடும் என்று. அவன் பதில் போட்டுவிட்டான். செப்டம்பரிலிருந்து 'ஆறின சூப்பு' ஒத்திகையில் எனக்கு ஒரு நாற்காலி. அங்கேயும் ஜன்னலுக்குச் செய்தித்தாள்தான். மார்ச்சில் அறிக்கையை இரண்டு கோஷ்டியும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்டிருக்கிறேன்.

அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு உங்களோடு வந்து பாட முடியாது. உனக்கே தெரியும். பாட்டை அடுத்த வருடம் பாடுகிறேன், இடத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. இந்த வருடம் எனக்குக் கேட்கிற வேலை இருக்கிறது.

ஊரில் இருக்கும்போது நம் வீட்டில்தான் தங்குவேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

ஸுல்மா


பாஸோ ஒந்தோ
28 செப்டம்பர் 1995

தங்கச்சி,

அவர்கள் ஒத்திகை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வார விடுமுறைக்கு வந்து, கார்மெலோவின் கொட்டகைக்குள் போய், வீட்டுக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து சிரிக்காமல் சூப்புக் குடித்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறிவிடுகிறாய். போன தடவை மட்டும் பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரித்தாய். நான் பார்த்தேன்.

எங்களைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றியா? வால்டெமாரைப் பற்றியா? நான் பதில் பாட்டு ஒன்றும் தயார் பண்ணப்போவதில்லை, சத்தியமாக. முதல் வரி மட்டும் சொல்லு. அதுவும் வேண்டாம், மெட்டு மட்டும். நீ என் கூடப் பிறந்தவள் இல்லையா?

சும்மா கேட்கிறேன்.

மில்டன்


மான்டிவிடியோ
4 அக்டோபர் 1995

அன்புள்ள அண்ணா,

சொல்ல மாட்டேன்.

ஸுல்மா